துயரில் இருப்பவரிடம் சான்று கேட்காதீர்கள்

மருத்துவர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஆர்தர் கானன் டாயிலின் கதை ஒரு வேடிக்கையாகச் சொல்லப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். 1891இல் லண்டனில் கண் மருத்துவராகத் தொழில் தொடங்கியவர். அப்படிப்பட்டவர், இரண்டு சிறுமியர் அட்டையில் வெட்டி நிறுத்திய தேவதைகளின் நிழற்படத்தை மெய்யென்று நம்பி ஊரறிய எழுதினார். கண் மருத்துவருக்கே கண் தெரியவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் என்னால் கலந்துகொள்ள முடிவதில்லை. அக்கதைக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. ஐந்தாண்டுகளுக்குள் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து விழுந்த மரணங்கள் இருக்கின்றன. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நாட்கணக்கில் காத்திருந்துவிட்டு, ஒரு துணிப்பையும் மருந்துச் சீட்டுகளுமாக வீடு திரும்பிய குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குடும்பத்தின் நினைவு வருகிறது.

டாயில் நெடுங்காலம் நோயாளி ஒருவரைப் பராமரித்தவர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவருடைய முதல் மனைவி லூயிசாவுக்குக் காசநோய் என்று 1893இல் கண்டறியப்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பு அது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே அன்றைய மருத்துவம். மலைக்காற்றுக்காக மனைவியைச் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு அழைத்துச் சென்றார். சில மாதங்களே தாங்கும் என்று கணிக்கப்பட்ட உயிர் பதின்மூன்று ஆண்டுகள் நிலைத்து, 1906இல் பிரிந்தது. நுரையீரல் நோய்களைப் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில், இந்தப் பதின்மூன்று ஆண்டுகளை விட்டுவிட்டுத் தேவதைகளை மட்டும் எல்லோரும் பேசுவது எனக்குச் சிறிது வருத்தமே.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. முதல் மாதத்திலேயே, இரண்டாம் மனைவி ஜீனின் தம்பியும் இராணுவ மருத்துவருமான மால்கம் லெக்கி பெல்ஜியத்தில் காயமுற்று இறந்தார். 1915 ஜூலையில் டாயிலின் தங்கை கான்ஸ்டன்ஸின் ஒரே மகன் ஆஸ்கர் ஹோர்னங் ஈப்ரே போர்முனையில் மாண்டார். டாயிலின் இல்லத்தில் தங்கியிருந்த ஜீனின் தோழி ஒருவர் தம் சகோதரர் மூவரைப் போரில் இழந்திருந்தார். லூயிசாவின் மகன் கிங்ஸ்லி மருத்துவ மாணவராக இருந்து போருக்குச் சென்றவர். 1916இல் சோம் போரில் கழுத்தில் குண்டடிபட்டுப் பிழைத்தார். ஆனால் 1918 அக்டோபர் 28 அன்று, அந்த ஆண்டின் கொடிய இன்ஃபுளூயன்சா நிமோனியாவாக முற்றி லண்டன் மருத்துவமனையில் உயிர் நீத்தார். இரண்டே வாரங்களில் போர் ஓய்ந்தது. அடுத்த பிப்ரவரியில் டாயிலின் தம்பி இன்னெஸும் அதே நோய்க்குப் பலியானார்.

இத்தகைய வீடுகள் அன்றைய பிரிட்டனில் தெருவுக்குத் தெரு இருந்தன. அவர்களுடைய துயருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மாண்டவர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதை அரசு 1915இல் தடை செய்துவிட்டது. மேலும் பல்லாயிரம் பேரின் உடல் கிடைக்கவே இல்லை. ஈப்ரேயில் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயில் நினைவகத்தில் மட்டும், கல்லறை அறியப்படாத ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பிரான்சின் தியெப்வால் நினைவகத்தில் எழுபத்திரண்டாயிரத்துக்கும் மேல். போரில் விழுந்தவனுக்கு நடுகல் எடுத்து, அதில் அவன் பெயரும் பீடும் எழுதி, பூச்சூட்டி வணங்கிய மரபிலிருந்து வந்தவர்கள் நாம். கல் நடுவதற்குக்கூட இடம் தெரியாத தாயின் நிலையை நமக்கு விளக்க வேண்டியதில்லை. கொரோனா பெருந்தொற்றின்போது முகத்தைக்கூடப் பார்க்க இயலாமல் உறவினரை வழியனுப்பிய குடும்பங்கள் இவ்விதழின் வாசகர்களிலும் இருக்கக்கூடும். முகம் காணாத மரணத்தை மனம் எளிதில் ஏற்பதில்லை. கதவு தட்டப்படும்போதெல்லாம் அவராக இருக்குமோ என்று ஒரு கணம் அது எழுந்து பார்க்கிறது.

அந்த வெற்றிடத்தில்தான் ஆவியுலகக் கொள்கை பெருகியது. இறந்தவரோடு பேசலாம் என்னும் நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே இருந்தது. போர் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. புகழ்பெற்ற இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் 1915இல் தம் மகன் ரேமண்டைப் போரில் இழந்தார். மகனோடு தொடர்பு கொண்டதாக அடுத்த ஆண்டே ஒரு நூல் வெளியிட்டார். டாயிலும் 1916இல் தம் நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தார். மகனை இழந்த சோகத்தில் புத்தி தடுமாறினார் என்று சொல்வோர் இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். கிங்ஸ்லி அப்போது உயிரோடு இருந்தார். இத்துறையில் டாயிலுக்கு 1880களிலிருந்தே ஈடுபாடு இருந்தது. துயரம் இல்லாத நம்பிக்கையை உண்டாக்கவில்லை. இருந்த நம்பிக்கையை இறுகப் பற்றச் செய்தது. 1919இல், இருளடைந்த அறையில் நடந்த ஒரு கூட்டத்தில் மகனின் குரலைக் கேட்டதாகவும், மகனின் கை தம் தலைமேல் பட்டதாகவும் டாயில் பதிவு செய்திருக்கிறார்.

இனி அந்தத் தேவதைகள். யார்க்ஷயரில் பிராட்ஃபோர்டு நகருக்கு அருகில் காட்டிங்லி என்றொரு சிற்றூர். தந்தை பிரான்சில் போரில் இருந்ததால், ஒன்பது வயது ஃபிரான்சஸ் கிரிஃபித்ஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயுடன் 1917இல் அங்கே வந்து உறவினர் வீட்டில் தங்கினாள். பதினாறு வயது எல்சி ரைட் அவளுடைய பெரியம்மா மகள். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. அதில் விழுந்து உடையை நனைத்துக்கொண்டு வருவதும் திட்டு வாங்குவதும் சிறுமிக்கு வழக்கம். எதற்காகப் போகிறாய் என்று அதட்டியபோது, தேவதைகளைப் பார்க்கப் போகிறேன் என்றாள். ஐரோப்பியக் கதைகளில் வரும், சிறகு முளைத்த விரலளவுத் தேவதைகள். பெரியவர்கள் நகைக்கவே, எல்சி தந்தையிடம் கேமராவை இரவல் வாங்கினாள். ஒரு படப்புத்தகத்தைப் பார்த்து வரைந்த உருவங்களை வெட்டி, தொப்பி ஊசிகளால் புற்களுக்கிடையே நிறுத்திப் படம் எடுத்தார்கள். எல்சியின் தந்தை ஒருநாளும் அதை நம்பவில்லை. இரண்டாவது படத்துக்குப் பிறகு கேமராவைத் தரவும் மறுத்துவிட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விளையாட்டு.

முடியவில்லை. 1919இல் எல்சியின் தாய், பிராட்ஃபோர்டில் நடந்த பிரம்மஞான சபைக் கூட்டம் ஒன்றுக்குச் சென்றார். நம் சென்னையின் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சபைதான். அவர் வழியாகப் படங்கள் சபையின் எட்வர்ட் கார்ட்னர் கைக்கும், பிறகு டாயிலின் கைக்கும் போயின. 1920இல் ஸ்ட்ராண்ட் இதழின் கிறிஸ்துமஸ் மலரில் டாயில் அவற்றைப் பற்றி எழுதினார். இதழ் விற்றுத் தீர்ந்தது. சிறுமியர் வரைவதற்கு மாதிரியாகக் கொண்ட படப்புத்தகம் 1914இல் போர் நிவாரண நிதிக்காக இளவரசி மேரியின் பெயரில் வெளியானது. அதே புத்தகத்தில் டாயிலின் கதை ஒன்றும் இருந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் இதைக் கண்டுபிடித்திருப்பார்.

1983இல், முதுமையில், இரு பெண்களும் உண்மையைச் சொன்னார்கள். ஐந்தாவது படம் ஒன்று மட்டும் மெய்யென்று ஃபிரான்சஸ் இறுதிவரை சொல்லிவந்தார் என்பது வேறு கதை. அறிவிற் சிறந்த ஒரு பெரிய மனிதர் நம்பிவிட்ட பிறகு, அவருக்குத் தலைகுனிவு நேருமே என்று வாய்திறக்க இயலாமல் போனதாக எல்சி விளக்கினார். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே தங்களுக்கு இருக்கவில்லை என்றும், நம்ப விரும்பியவர்கள் நம்பினார்கள் என்றும் ஃபிரான்சஸ் கூறினார்.

என் கருத்தில், அந்த ஊரில் சரியாக நடந்துகொண்டவர்கள் அந்தக் குழந்தைகளே. தந்தை போர்முனையில் இருக்கிறார். தபால்காரர் எந்தச் செய்தி கொண்டுவருவாரோ என்று வீடே அஞ்சிக் கிடக்கிறது. அந்த வேளையில் ஒரு சிறுமி ஓடைக்கரையில் தனக்கென்று ஓர் அற்புத உலகைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது விளையாட்டு. (தந்தை உயிரோடு திரும்பி வந்தார்.) குழந்தைகள் துக்கத்தைத் தொடர்ச்சியாகச் சுமப்பதில்லை. அழுதுகொண்டிருக்கும் குழந்தை பத்து நிமிடத்தில் பந்தாடப் போய்விடும். இரவில் மீண்டும் அழும். சாவு வீட்டில் பேரன் சிரித்து விளையாடினான் என்று அவனை அடிக்கும் பெரியவர்களைக் கண்டிருக்கிறேன். அவனுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அந்த வயதின் மனம் தாங்கக்கூடிய அளவில்தான் துயரைப் பருகும். தாத்தா நட்சத்திரமாகிவிட்டார் என்று அவன் படம் வரைந்தால், தாளும் வண்ணமும் கொடுங்கள். அவர் இனி வரமாட்டார் என்பதையும், அவன் கேட்கும்போது, ஒளிக்காமல் சொல்லுங்கள். இவ்விரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ளக் குழந்தைக்குத் தெரியும்.

பெரியவர்களுக்குத்தான் அது கடினம். டாயில் அந்த விளையாட்டை எடுத்துச் சான்றாக்கினார். நிபுணர்களிடம் அனுப்பினார், நூல் எழுதினார், எதிர்த்தவர்களோடு வாதிட்டார். மகனை இழந்தவர் மகனோடு பேச ஏங்குவதில் வேடிக்கை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஏக்கம் நிரூபிக்கப்பட வேண்டிய வழக்காக மாறியபோது அவருடைய துக்கம் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் சுற்றியிருந்தோர் இரண்டே வகை: உடன்பட்டவர்கள், எள்ளியவர்கள். கிங்ஸ்லி எப்படிப்பட்ட பிள்ளை, நீங்கள் இல்லாத நேரத்தில் அவன் என்ன பேசுவான் என்று யாராவது அவரிடம் கேட்டிருப்பார்களா என்று நான் எண்ணுவதுண்டு.

இதை நம் வீடுகளுக்குக் கொண்டுவருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் இறந்தவரின் மனைவி, தம் இரத்த அழுத்தத்துக்காகப் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்திருந்தார். எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "சொன்னா சிரிப்பீங்க டாக்டர். விடியக்காலம் நாலு மணிக்கு அவர் இருமுறது கேக்குது. எந்திரிச்சு வெந்நீர் வைக்கப் போயிடறேன்" என்றார். மகனிடம் சொன்னாராம், மகன் மனநல மருத்துவரிடம் போகலாம் என்றாராம். மருமகளோ பூசாரியை அழைக்கலாம் என்றாராம். இருவரும் அன்பால்தான் சொன்னார்கள். ஆயினும் அந்த அம்மாள் அதற்குப் பிறகு வீட்டில் இதைப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அவருக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். வேல்ஸ் நாட்டில் பொது மருத்துவராக இருந்த டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி, 1971இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தம் ஆய்வை வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்த துணையின் அருகாமையை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தனர். சிலருக்குக் குரல் கேட்டது. சிலருக்கு உருவம் தெரிந்தது. பலருக்கு, பக்கத்தில் இருக்கிறார் என்ற உணர்வு மட்டும். அவர்களில் பெரும்பாலோர் அது தமக்கு ஆறுதலாக இருந்ததாகக் கூறினர். பெரும்பாலோர் அதை அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. இது பைத்தியத்தின் அறிகுறி அன்று. முப்பது ஆண்டுகள் ஒருவரின் இருமலுக்கு விழித்த மூளை, இருமல் நின்ற மறுநாளே தன் வேலையை விட்டுவிடாது. எதிர்பார்த்துப் பழகிய ஓசையை அது சில காலம் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. இது உடலியல் அறிந்தவரின் விளக்கம். அவர் வந்து போகிறார் என்று அந்த அம்மாள் எண்ணினால், அவரோடு வழக்காட எனக்கு அவசியமில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறார், சாப்பிடுகிறாரா, மாத்திரையை விடாமல் எடுக்கிறாரா என்பவையே எனக்குத் தேவை. அவற்றைக் கேட்டேன். பிறகு, வெந்நீர் வைத்த பின் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தத் தண்ணீரிலேயே காப்பி போட்டுக் குடிப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

ஆகவே, உங்கள் வீட்டில் யாரேனும் இப்படிச் சொன்னால், அதெல்லாம் பிரமை என்று நிறுவ முயலாதீர்கள். ஆமாம், நானும் பார்த்தேன் என்று பொய்ச்சாட்சியும் சொல்லாதீர்கள். இரண்டாவது அன்பின் பெயரால் நடப்பதால் ஆபத்து அதிகம். 1922இல் டாயிலின் மனைவி ஜீன், மாயவித்தைக் கலைஞர் ஹூடினிக்கு, மறைந்த அவருடைய தாயிடமிருந்து வந்த செய்தி என்று பக்கம் பக்கமாக எழுதித் தந்தார். ஆங்கிலத்தில் இருந்தது, மேலே சிலுவைக் குறி இடப்பட்டிருந்தது. ஹூடினியின் தாயோ யூத மதகுரு ஒருவரின் மனைவி. அவருக்கு ஆங்கிலம் அரிதாகவே தெரியும். ஜீன் ஏமாற்ற எண்ணினார் என்று நான் கருதவில்லை. தாயை இழந்து தவித்த நண்பருக்கு நல்லது செய்வதாகவே நம்பியிருப்பார். ஆனால் அந்த நட்பு அதன்பின் நிலைக்கவில்லை. ஆறுதல் தேடி வந்தவரிடம், தம் தாய்க்குத் தெரியாத மொழியில் அவர் பேசியதாகச் சொன்னால் அது இரண்டாம் முறை தாயை இழப்பதாகிவிடும்.

நான் கண்டிப்புடன் பேச விரும்புவது விலை வைப்பவர்களைப் பற்றி மட்டுமே. போர்க்கால லண்டனில் இருட்டறைகளில் ஆவி அழைத்தவர்கள் பலர் கட்டணம் வாங்கினார்கள். இன்று மருத்துவமனை வாயிலிலும் கைப்பேசியிலும் அவர்களின் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை பணம் கேட்பவர், ஐயப்படும் மகனை வீட்டைவிட்டு விலக்கச் சொல்பவர், உயிரோடு இருக்கும் நோயாளியின் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் ஆகியோரை உள்ளே விடாதீர்கள். காக்கைக்குச் சோறு வைப்பதற்கும், படத்துக்கு முன் விளக்கேற்றுவதற்கும், பிடித்த பலகாரத்தைத் திதியன்று செய்வதற்கும் யாருக்கும் நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

டாயிலின் குடும்பத்திலேயே இன்னொருவர் இருந்தார். ஒரே மகன் ஆஸ்கரை இழந்த தந்தை, எர்னஸ்ட் ஹோர்னங். அவரும் எழுத்தாளர்; ராஃபிள்ஸ் என்னும் திருடனைக் கதாநாயகனாக்கிப் புகழ்பெற்றவர். மகன் எழுதிய கடிதங்களைத் தொகுத்து, உறவினருக்கும் நண்பருக்கும் மட்டுமாக ஒரு நூலாக அச்சிட்டார். பிறகு, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், பிரான்சுக்குச் சென்று, போர்முனையை ஒட்டி ஒய்.எம்.சி.ஏ. நடத்திய சிற்றுண்டிக் கூடத்தில் சிப்பாய்களுக்குத் தேநீர் ஊற்றினார். ஆராஸ் நகரில் அவர்களுக்காக ஒரு நூலகம் நடத்தினார். தம் மகனின் வயதுடைய பிள்ளைகள் சேற்றுக் காலோடு வந்து, என்ன புத்தகம் இருக்கிறது என்று கேட்பார்கள். டாயிலைவிட ஹோர்னங் உயர்ந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே துயர் இரு மனிதரை இரு வேறு வாயில்கள் வழியே அழைத்துச் செல்லும். எனினும், துக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்யலாம் என்று உறவினர்கள் என்னிடம் கேட்கும்போது, மிகுதியாக நினைவுக்கு வருவது அந்த நூலகமே. இறந்தவரின் பொருள்களை அவசரப்பட்டு அப்புறப்படுத்தாதீர்கள். அவருடைய கடிதங்கள், கைப்பேசியில் உள்ள குரற்பதிவுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சில மாதங்கள் சென்றபின், பிறருக்குப் பயன்படும் சிறு வேலை ஒன்று அவர் கைக்கு எட்டும்படி செய்யுங்கள். எங்கள் வார்டில் கணவரை இழந்த ஒருவர், புதிதாக வரும் குடும்பங்களுக்கு ஆக்சிஜன் கருவியை வீட்டில் இயக்கக் கற்றுக்கொடுக்க வாரம் ஒருமுறை வருகிறார். யாரும் அவரை அனுப்பவில்லை.

எப்போது எங்களிடம் வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்கும் குரல், நீயும் வந்துவிடு என்று அழைத்தால் அன்றே வாருங்கள். உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் கெட்டால், மருந்துகளை நிறுத்திவிட்டால், சாகும் எண்ணத்தைப் பேசினால் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதம், ஓராண்டு கடந்தும் துயரம் முதல் வாரத்தின் கடுமையோடு இருந்து அன்றாட வாழ்வை முடக்கினால், அதற்கும் சிகிச்சை உண்டு. இரவு நேரமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். மற்றபடி, வெறும் இருமல் கேட்கிறது என்றாலும் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் பார்க்க வரும் நாளிலேயே சொல்லலாம். அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.